குளோரின் இல்லாத வெள்ளை

பசுமை ஆலை விருது வாங்கிய துணி ஆலை முதலாளி எலியேசர், மேடையில் தழுதழுத்தார். "இந்தப் பிள்ளை கண்டுபிடிச்ச என்சைம் வந்தப்புறந்தான் எனக்கு நிம்மதி!"

முன்வரிசையில் பேராசிரியை ஸ்வீட்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துணி வெளுக்கும் அந்த என்சைமை, ஆற்றில் இனி குளோரின் கழிவு விடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில் அவருக்குச் சும்மா கொடுத்திருந்தாள். ஏரலில் அவள் வீட்டுக் குழாயில் வருவதும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

மறுநாள் நன்றி சொல்ல ஆலைக்குப் போனாள். வாசலிலேயே குளோரின் நெடி கண்ணைக் கரித்தது.

"என்ன கிங்ஸ்லி இது? என் என்சைமைப் போடலையா?"

மேற்பார்வையாளர் கிங்ஸ்லி பதறினார். "தினமும் போடுதோமே மேடம், முதலாளி சட்டைக்கு!"

"மத்த துணிக்கெல்லாம்?"

"பழையபடி குளோரின்தான். அதுல வெளுத்ததைப் போட்டா, பாவம், அவருக்கு உடம்பெல்லாம் தடிச்சிரும்."