பாதாம் ரஸ்க்

"பாதாம் ஆகாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரேடி!" என்றாள் ரீனா. தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட சமவெளியில் இருந்த பண்ணை வீட்டின் உள்ளறையில், தங்கையின் கணவன் தியூனிஸ் சிறுநீரகக் கல்லோடு புரண்டு அலறிக்கொண்டிருந்தான்.

"சர்ச் விற்பனைக்குன்னு சொல்லி, ரஸ்க் டப்பாவைப் பூட்டித்தான்க்கா வெச்சேன். சாவியைத் தேடி எடுத்துட்டாரு" என்றாள் அலெட்டா.

"எங்கே ஒளிச்சே?"

"அவரோட காப்பிக் கோப்பையில."

ரீனா திகைத்துப் போனாள். "அங்கே வெச்சா எடுக்க மாட்டாரா?"

"கையில கொடுத்தா வேண்டாம்பாரு. திருடித் தின்னாத்தான் அவருக்கு ருசி."

"அடிப்பாவி! உயிர் போற வலிடி அது!"

அலெட்டா அடுத்த ஈட்டு மாவில் பாதாமைக் கொட்டினாள். பிசைவதற்காகச் சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கைவரை கன்றிப்போயிருந்தது.

"அந்த வலி வர்ற அன்னிக்கு மட்டும்தான்க்கா அவரு என்னை அடிக்கிறதில்ல."