பிணம் பேசக் கூடாது

"உயிரோட இருந்தப்பகூட இவன் இவ்வளவு லட்சணமா இல்லையே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள் தபால் நிலையத்து ஐலீன். திறந்த சவப்பெட்டியில் கைகளை நெஞ்சின் மேல் கோர்த்தபடி டெர்மட் கேரிட்டி கிடந்தான். பெட்டி ஏற்றிய குதிரை வண்டி தேவாலய வாசலிலிருந்து மெல்ல நகர்ந்தது.

டெர்மட்டுக்கு மூக்கு அரித்தது. என்ன செய்ய, பிணம் மூக்கைச் சொறிய முடியுமா?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் மற்ற ஊர்க்காரர்கள் அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பேட்ரிக் நாளுக்குத் தெருவில் பச்சை வர்ணம் அடிப்பார்கள், பச்சை பீர் குடிப்பார்கள். கில்மோர்க்காரர்களுக்கு அது போதாது, பிணம் தூக்கினால்தான் பண்டிகை. நாலு தெரு தாண்டி, பார் வாசலில் உதட்டில் விஸ்கியைச் சொட்டவிட்டதும் பிணம் எழுந்து உட்காரும், ஊரே ஆடும். அதுவரை அசையவும் கூடாது, பேசவும் கூடாது.

வழியில் யார் வேண்டுமானாலும் எதையாவது சொல்லிப் பிணத்தை அசைத்துப் பார்க்கலாம். தொடத்தான் கூடாது. அசைத்தவருக்கே அடுத்த வருஷம் பெட்டி.

"டெர்மட்! உன் பிக்கப் வண்டிய எடுத்துக்கிட்டு உன் மச்சான் உறைஞ்ச ஏரி மேல ஓட்டிட்டுப் போறான்டா. ஐஸ் உருகிக்கிட்டு இருக்கு!" என்று கத்தினார் கறிக்கடை ஓல்சன். விழாக் கமிட்டித் தலைவரே அவர்தான். "ஒரே ஒரு தடவை அசைஞ்சிடு ராசா, அடுத்த வருஷம் பெட்டி எனக்கு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டெர்மட் அசையவில்லை.

நாற்பத்தோரு வருஷமாக எந்தக் கேரிட்டியும் அசைந்ததில்லை. அவன் அப்பா, நெற்றியில் புறா எச்சமிட்டபோதுகூட இமைக்காத மனிதர். அவர் போனபின் பதினோரு வருஷமாக டெர்மட்தான் பிணம். பாவம், அவனுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

கறுப்பு முக்காடு அவன் கன்னத்தில் உரசியது. விதவை வேஷத்தில் கூடவே நடந்து வந்த அவன் மனைவி நோரீன் பெட்டிக்குள் குனிந்தாள்.

"டெர்மட், நல்லாக் கேட்டுக்கோ. ஒரு மணி பஸ்ல நான் டுலூத் போறேன், அக்கா வீட்டுக்கு. திரும்பி வரமாட்டேன்."

கூட்டத்துக்கு அது கேட்கவில்லை. "அழு நோரீன், நல்லா அழு!" என்று யாரோ உற்சாகப்படுத்தினார்கள்.

"இருபத்தாறு வருஷமா நான் பேசறேன், நீ பேப்பருக்குப் பின்னாலேர்ந்து 'ம்'ங்கற. எங்கம்மா செத்தன்னிக்கும் 'ம்'. போன மாசம் கமிட்டியில நான் வாய்விட்டு ஒண்ணு கேட்டேன். ஊரே சிரிச்சுது. அதுல உன் சிரிப்புதான் பெரிசு."

அத்தனையும் உண்மை, அதுதான் கொடுமை. பெட்டியின் இரண்டு பக்கமும் தோளை நெருக்கின. கையெட்டும் தூரத்தில் அவள், ஆனால் கையைத் தூக்க முடியாது.

"பஸ் நிக்குது. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துடறேன்."

அடிப்பாவி, இதைச் சொல்ல வேறு நேரமா கிடைக்கவில்லை! இன்னும் ஒரே ஒரு தெருதான். பார் வாசல் வரை பொறுக்க மாட்டாளா?

"இப்பவும் 'ம்' கூட இல்ல, பாத்தியா?" என்றாள். "சரி. அடுப்புல மாட்டுக்கறியும் கோசும் வெந்திருக்கு. ஆற விடாம சாப்பிடு."

முக்காடு விலகியது. அவள் பூட்ஸ் சத்தம் பனிச்சேற்றில் சளக் சளக்கென்று தூரமாகப் போனது. பஸ்ஸின் கதவு புஸ்ஸென்று திறந்தது.

அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. நாற்பத்தோரு வருஷம். ஊர் என்ன சொல்லும்? கேரிட்டி வம்சத்திலேயே ஒருத்தன் எழுந்துவிட்டான் என்று பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்குமே. ஆனால் இன்றைக்கு இரவு அந்த வீட்டுக்குள் தனியாக எப்படிப் போவது? யாரிடம் 'ம்' சொல்வது?

டெர்மட் எழுந்து உட்கார்ந்தான்.

"நோரீன்! போகாதே! நான் செஞ்சது தப்பு, சத்தியமா தப்பு! போகாதே!"

வண்டிக்குப் பின்னால் வந்த பேண்டு வாத்தியங்கள் நின்றன. பண்டிகைக்காகப் பச்சைத் தாடி ஒட்டியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஐலீன் நிஜமாகவே அலறிவிட்டாள்.

பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த நோரீன் திரும்பி, முக்காட்டைத் தூக்கினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மிஸ்டர் ஓல்சன், பிணம் எழுந்துச்சா, இல்லையா?"

"எ... எழுந்துச்சு."

"பேசிச்சா?"

"பேசிச்சும்மா."

நோரீன் வண்டியருகே வந்தாள். முக்காட்டைக் கழற்றி, பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த கணவன் தலையில் போர்த்திவிட்டாள்.

"போன மாசம் நான் கேட்டப்ப, பொம்பளைக்கு எதுக்குப் பெட்டின்னு சிரிச்சீங்கள்ல? அடுத்த வருஷம் பிணம் நான், நீ நல்லா அழணும்."