நூற்றுக்கு முப்பத்தெட்டு

மேல்படிப்பு நுழைவுத்தேர்வு முடிவை அவன் அன்று காலைதான் பார்த்திருந்தான். பயிற்சி மையத்துக்குள் பூனை போல நுழைந்தவனை வரவேற்பு மேசை அக்கா பிடித்துக்கொண்டாள்.

“மார்க் என்னாச்சு தம்பி?”

“கணக்குல கவுத்துடுச்சுக்கா. நூத்துக்கு முப்பத்தெட்டு.”

“அதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? இங்க மூணாவது தடவை எழுதி ஜெயிச்சவங்க எத்தனை பேரு!”

“திரும்ப எழுதிடுவேன்க்கா. ஆனா கிளாஸ்ல தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்.”

“நான் மூச்சு விடமாட்டேன். மணியடிச்சாச்சு, போங்க.”

வகுப்பறைக் கதவைத் தள்ளினான். உள்ளே கேட்ட பேச்சு சட்டென்று நின்றது. தெரிந்துவிட்டதோ?

முப்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

“குட் மார்னிங், கணக்கு சார்!”