முடிவுத் தேதி இல்லாத வேலை

மணி மூன்று. கனடாவின் மானிடோபா மாகாணத்துப் பனி வெளிச்சம் விதைக்கிடங்கு அலுவலகத்துக்குள் கண் கூச விழுகிறது. படிக்க வந்து இங்கேயே கணக்கராகச் சேர்ந்த கென்யப் பெண் வஞ்சிரு, கையில் காகிதத்தோடு உறைந்து நிற்கிறாள். அவளுடைய நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்துக்காக முதலாளி டூக் கொடுத்த கடிதம் அது. ‘கர்த்தருக்குச் சித்தமானால் இவருக்கு இங்கே நிரந்தர வேலை உண்டு’ என்றிருக்கிறது. வேலை உறுதியில்லை என்று குடியேற்ற அலுவலகம் திருப்பியிருக்கிறது. ஐந்து மணிக்குள் புதுக் கடிதம் போக வேண்டும்.

“என்னய்யா இப்படி எழுதிட்டீங்க? என்னை ஊருக்கே அனுப்பிடுவாங்களே!”

டூக்கின் முகம் வெளுத்துப்போகிறது. “நாளைக்கு நான் இருப்பேனான்னே தெரியாது. நிரந்தரம்னு எந்த வாயால சொல்லுவேன், மகளே? எங்க சபையில யாரும் அப்படிச் சொல்ல மாட்டோமே.”

அவர் மனைவி டீனா காபிக் கோப்பையை ஓசையெழ வைக்கிறாள். “நீ போயிட்டா கிடங்கும் கூடவே வந்துடுமா, பெரிய மனுஷா? நான் இருக்கேன். நானும் போனா ஹென்றி இருக்கான். எழுது!”

‘இந்த வேலைக்கு முடிவுத் தேதி கிடையாது’ என்று டூக் மெல்ல எழுதிக் கையெழுத்திடுகிறார். கீழே டீனா போடுகிறாள். கூப்பிட்டதும் கிடங்கிலிருந்து ஓடிவந்த மகன் ஹென்றி, விரலில் ஆளிவிதைத் தூசியோடு, எதற்கென்றுகூடக் கேட்காமல் மூன்றாவதாகப் போடுகிறான். வஞ்சிரு கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஐந்து மணிக்குள் அனுப்பிவிட ஸ்கேனரை நோக்கி ஓடுகிறாள்.