மூன்று மாதச் சராசரி

ரிப்போர்ட்டை டாக்டர் இரண்டாவது தடவையும் பார்த்தார். பிறகு மேலே இருந்த பெயரையும் வயதையும் சரிபார்த்தார்.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி ஆறு புள்ளி எட்டு.

போன தடவை பதினொன்று. இனியும் இறங்காவிட்டால் ஊசிதான் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த தபாலாபீஸ் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தேகால்.

லேசுப்பட்ட ஆள் இல்லை அவள். டெஸ்ட்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் வாயைக் கட்டி, வெறும் வயிற்று ரத்தத்தில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போனவள். ஆனால் இந்த மூன்று மாதக் கணக்கின் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. தின்றதையும் நடந்ததையும் அது புட்டுப்புட்டு வைத்துவிடும்.

நடங்கள், நடங்கள் என்று ஆறு வருடமாகச் சொல்லி டாக்டருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். முப்பத்திரண்டு வருடம் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகிய உடம்பு. ஒவ்வொரு தடவையும் அவளிடம் புதுசாக ஒரு சாக்கு இருக்கும்.

இப்போது எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள் என்று கேட்டார். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்றாள்.

டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டைக் காட்டினார். வெளியே காத்திருக்கிறவர்களெல்லாம் இந்த அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கால் இரண்டும் கெஞ்சின. படுத்தால் தூக்கம் இல்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. அதையும் சேர்த்துத்தான் அந்த ஆறு புள்ளி எட்டு. அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இன்னும் நான்கு தெரு பாக்கி. வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். முத்திரை குத்தும்போது உறைமேல் மட்டுமே அவள் படித்திருந்த தெருக்கள்.

எண்பத்தாறு நாளாகத் தேடுகிறாள். ஆஸ்பத்திரி வராந்தா, பஸ் நிலையத்து பெஞ்சு, பாலத்தடி எல்லாம் பார்த்தாயிற்று. பார்த்த இடத்தையே மறுபடியும் பார்த்தாயிற்று. விட்டுப்போன தெருவில் அந்த முகம் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் காலை எடுத்து வைக்க வைக்கிறது.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். கதவருகே போனவளை டாக்டர் கூப்பிட்டார்.

"இவ்வளவு தூரம் தனியா நடக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க."

அவள் திரும்பி வந்தாள். பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

கட்டம் போட்ட சட்டையில் ஒரு வயதானவர். படத்துக்குக் கீழே: ஞாபக மறதி உள்ளவர். மாலை நடைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

டாக்டர் நோட்டீஸைக் கையில் எடுத்தார்.

காணாமல் போன அன்றைக்கு அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று, இன்றைக்காவது ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கலாம் வா என்று மூன்று தடவை கூப்பிட்டார்.

"முட்டி வலிக்குது, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள்.

முட்டி வலிக்கவே இல்லை.