பூனை மாமாவின் காலுறை

ஒரு வீட்டின் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஓர் எலி நான்கு குட்டிகளை ஈன்றது. மெத்தைக்காகக் கிடைத்த தாள்களையெல்லாம் பல்லால் கிழித்துப் பரப்பிய அதற்கு, சிறுவர் புத்தகத்து ஓவியம் ஒன்றை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை. அதில் ஒரு மஞ்சள் பூனை எலிக்குட்டிகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தது. குழந்தைகள் அஞ்சுவார்களே என்று, ஓவியர் அதன் நகங்களைச் சிவப்புக் காலுறைகளுக்குள் மறைத்திருந்தார். எலி அந்தப் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, “பூனை மாமா பார்!” என்று காட்டியே குட்டிகளை உறங்கவைத்தது.

ஒருநாள் அரிசி பொறுக்கித் திரும்பிய எலி, குட்டிகளின் குரல் அலமாரிக்கு வெளியே கேட்பதை உணர்ந்து திடுக்கிட்டது. அவற்றின் எதிரே வீட்டுப் பூனை அமர்ந்திருந்தது.

“மாமா, உங்கள் காலுறை எங்கே?” என்றது மூத்த குட்டி.

“துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், கண்ணு. எல்லோரும் கிட்டே வாருங்கள்.”

“ஓடுங்கள்!” என்று எலி அலறியது.

“ஐயே, அம்மாவுக்குப் பயம்! நம் மாமாதானே?” என்று சிரித்தபடி கடைக்குட்டி முன்னால் ஓடியது.

நான்கில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எலி மீண்டும் சூல்கொண்டபோது மெத்தைக்குத் தாள் தேவைப்பட்டது. முதல் வேலையாக அந்த ஓவியத்தை இழுத்துப்போட்டு, காலுறைகளைக் கிழித்தது. பால் கிண்ணத்தையும் வாலையும் கிழித்தது. சிரிக்கும் முகத்துக்கு வந்ததும், அதைக் கிழிக்க இந்த முறையும் மனம் வரவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த எலி, முகத்தை மட்டும் எடுத்துப் பழையபடி சுவரில் சாய்த்துவைத்தது.