நட்சத்திரம் கட்டாத வீடு

"லீலாக்கா, அந்தக் கடைசி வீட்டுல மட்டும் ஏன் ஸ்டார் இல்ல?"

லீலாபாய் பதறிப்போய் பிரீனாவின் நீட்டிய கையைத் தட்டிவிட்டார். "கையைக் காட்டாத மக்ளே. அது சத்தியபாய் வீடு. மவன் எட்சன் செத்து இன்னும் வருசம் திரும்பல்ல. துக்க வீட்டுல ஆராவது ஸ்டார் கட்டுவாவளா?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. களியல் ஊருக்கு மேலே, ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் மேட்டில் இருவரும் நின்றிருந்தார்கள். அதிசயமாக அன்று பவர் கட் இல்லை. கீழே ஒவ்வொரு வீடாகக் காகித நட்சத்திரங்கள் எரியத் தொடங்கின. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கண்ணுக்கு எட்டிய தூரம்வரை போய்க்கொண்டே இருந்தன.

பிரீனா வன ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிகளைப் படிப்பவள். வேறு நாடுகளில் காடு காடாக மரத்தைத் துளைத்துத் தீர்த்த ஒரு வண்டு இந்தப் பக்கமும் வந்துவிடுமோ என்பதுதான் அவள் பயம். வந்த உடனே கண்டுபிடித்தால் தப்பித்தோம். இல்லையென்றால் அயனியும் வேங்கையுமாக நிற்கிற இந்த மலை மொட்டைதான்.

அந்த வண்டு வெளிச்சத்தைத் தேடி வரும். அடிவாரம் முழுக்க விளக்கு வைத்துக் காவல் இருக்க ஆளுக்கு எங்கே போவது? கிறிஸ்துமஸுக்கு ஊரே விளக்கு வைக்கிறதே என்று யோசித்தவள், லீலாபாயின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் போய்ப் பேசினாள். அதிலிருந்து விடிந்ததும் வீட்டுக்கு வீடு நட்சத்திரத்தைக் கழற்றி, உள்ளே விழுந்த பூச்சிகளைக் கவரில் தட்டி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கொண்டுவந்தார்கள். காணிக்கைப் பைக்குப் போட்டியாகப் பூச்சிப் பை.

இப்போது மேட்டிலிருந்து பார்க்க, அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை ஜனமும் ஒரு காட்டுக்காகக் காவல் இருக்கிறது! ஆனால் காட்டை ஒட்டிய அந்த ஒரு வீடு இருட்டாகக் கிடந்தது.

"நான் போய்க் கேட்டுப் பாக்கட்டா?"

"உனக்கென்ன பிராந்தா? ஊரு என்ன சொல்லும்?"

ஆனாலும் போய்க் கேட்டாள். சத்தியபாய் காட்டைப் பார்த்தார்.

"நான் ஸ்டார் கட்டல்லன்னா மரமெல்லாம் பட்டுப்போவுமா?"

"அப்படிச் சொல்லல்ல மாமி. இந்தப் பக்கமா வண்டு வந்தா நமக்குத் தெரியாமலே போயிரும். அதான் பயமா இருக்கு."

"எனக்க மவன் அந்தக் காட்டுக்குள்ளதான் ஓடி வளந்தான், கேட்டியா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, கட்டு. ஆனா கிறிஸ்மஸ் பாட்டுப் பாட ஆரும் இஞ்ச வரப்பிடாது."

அன்று இரவே லீலாபாய் ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவந்து கட்டினார்.

அந்த வாரமே ஒரு காலையில் லீலாபாய் போனில் மூச்சு வாங்கினார். "மக்ளே, சத்தியபாய் ஸ்டாருக்குள்ள நீ படத்துல காட்டுனது மாதிரி ஒண்ணு கெடக்கு!"

பிரீனா ஓடி வந்தாள். நட்சத்திரத்தின் கீழ் முனையில் நெல்மணி அளவுக்கு ஒரு கறுப்பு வண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தாள். அதே வண்டு. மற்ற எந்த வீட்டிலும் சிக்காதது, கட்டவே கூடாது என்ற நட்சத்திரத்தில் வந்து விழுந்திருக்கிறது.

சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் திரண்டு வந்து மரம் மரமாகத் தடவிப் பார்த்தார்கள். ஒரு மரத்திலும் துளை இல்லை. கடைசியில் பிரீனாதான் சத்தியபாய் வீட்டின் பின்பக்கச் சாய்ப்புக் கொட்டகைக்குள் குனிந்து, அங்கே இருந்த பெரிய மரப்பெட்டியின் தார்ப்பாயை விலக்கினாள். பலகையெங்கும் ஊசித் துளைகள். அடியில் மாவு போலத் தூள்.

"அக்கா! மாமி! இஞ்ச வாங்க!" சந்தோஷத்தில் கத்தினாள். "இது நம்ம ஊரு மரமே இல்ல. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு, இன்னும் காட்டுக்குப் போகல்ல. இன்னைக்கே எரிச்சிருவோம். மலையே தப்பிச்சிருச்சு மாமி, உங்களாலதான்!"

"எரிக்கணுமா?"

"ஆமா மாமி. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கக் கூடாது. உங்களுக்கு நல்லதா வேற ஒரு பெட்டி நானே கொண்டு தாறேன்."

சத்தியபாய் உள்ளே போய் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எடுத்துவந்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"போதகரைக் கூப்பிடட்டா?"

பிரீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு பெட்டியை எரிக்கப் போதகர் எதுக்கு மாமி?"

"சவுதியில இருந்து எனக்க எட்சன் இதுக்குள்ளதான மக்ளே வந்தான்."